எதிர்ப்பாற்றலுக்கு எந்தப் பரிசோதனை? எச்எல்ஏ முதல் முழு ஜீனோம் வரை ஓர் ஒப்பீடு

மூன்று வகையான வாசகர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். இரண்டு வயதுக்குள் மூன்று நான்கு முறை நிமோனியா வந்துவிட்ட குழந்தையின் பெற்றோர் ஒரு வகை. காலையில் இடுப்பும் முதுகும் இறுகிப்போய்ப் படுக்கையிலிருந்து எழத் திணறும் முப்பது வயதுக்காரர் இன்னொரு வகை. எதிர்ப்பாற்றலின் மரபணு ரகசியத்தைச் சொல்வதாக வாக்களிக்கும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எச்சிலைக் குப்பியில் சேகரிக்கத் தயாராக இருப்பவர் மூன்றாம் வகை. எந்த மரபணுப் பரிசோதனையைச் செய்துகொள்வது என்பதே அவர்களின் கேள்வி.

மூவருக்கும் பதில் வேறு. முதலாமவர் மரபணுவுக்குப் போகும் முன் குழந்தையின் வெள்ளணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டும். இரண்டாமவருக்கு ஒரே ஒரு மரபணு போதும், அதுவும் துணைச் சான்றாக மட்டும். மூன்றாமவர் குப்பியை மூடி வைத்துவிடலாம். பெரிய பரிசோதனைதான் நல்ல பரிசோதனை என்ற எண்ணம் இந்தத் துறையில் பலரைத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்த ஒப்பீடு அந்த எண்ணத்துக்கு எதிராக எழுதப்பட்டது.

## மரபணு எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது?

2015-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று 105 இரட்டையர் இணைகளின் இரத்தத்தை ஆராய்ந்தது. செல்களின் எண்ணிக்கை, சைட்டோகைன்களுக்கு (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதங்களுக்கு) அவை காட்டும் எதிர்வினை, இரத்தத்தில் மிதக்கும் புரதங்கள் என மொத்தம் 204 அளவீடுகள். அவற்றில் 77 விழுக்காட்டில், ஆளுக்கு ஆள் தெரிந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல் மரபு சாராத காரணங்களால் வந்தது. சைட்டோமெகலோ வைரஸ் ஒருவரைத் தொற்றி மற்றவரை விட்டுவிட்ட ஒருகரு இரட்டையரிடம், பாதிக்கும் மேற்பட்ட அளவீடுகளில் அந்த வைரஸின் தடம் இருந்தது. ஒரே மரபணுத் தொகுப்போடு பிறந்தவர்கள்தான் அவர்கள்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு சார்டினியத் தீவில் 1,629 பேரிடம் 95 வகைச் செல்களின் அளவுகளை ஆராய்ந்தவர்கள் மரபின் பங்கைச் சராசரியாக 41 விழுக்காடு என்று மதிப்பிட்டார்கள். சில அளவுகளில் அது 87 விழுக்காடு வரை போனது. இந்த இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. எந்தச் செல்லை அளக்கிறோம், அதன் எண்ணிக்கையையா எதிர்வினையையா, எந்த வயதினரிடம் என்பதைப் பொறுத்து மரபின் பங்கு ஏறி இறங்குகிறது.

அந்தப் பங்கு செல்லுக்குள் வந்து சேரும் வழிகள் மூன்று. ஒரே மரபணுவில் ஏற்படும் பெரிய பிழை முதல் வழி. அது அரிது, ஆனால் விளைவு வெளிப்படையாகத் தெரியும். எச்எல்ஏ மரபணுக்கள் இரண்டாம் வழி. செல்லுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளில் எவற்றை டி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்கு எடுத்துக் காட்டுவது என்பதை இவை தீர்மானிக்கின்றன. மனிதருக்கு மனிதர் மிக அதிகமாக வேறுபடும் மரபணுக்களும் இவையே. மூன்றாம் வழியில் நூற்றுக்கணக்கான சிறு மாறுபாடுகள் இருக்கின்றன. தன்னுடல் தாக்கு நோய்களோடு தொடர்புள்ளவையாகக் கண்டறியப்பட்ட மாறுபாடுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு, புரதத்துக்கான குறியீட்டுக்கு வெளியே கிடக்கின்றன. அவை புரதத்தின் வடிவத்தை மாற்றுவதில்லை. ஒரு குறிப்பிட்ட செல்லில், குறிப்பிட்ட தூண்டுதலின்போது, ஒரு மரபணு எவ்வளவு தீவிரமாக இயங்க வேண்டும் என்பதைச் சற்றே கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன.

பரிசோதனையைத் தேர்ந்தெடுப்பது என்பது, உங்கள் சிக்கல் இந்த மூன்றில் எந்த வழியில் வந்திருக்கக்கூடும் என்று ஊகிப்பதுதான்.

## எதை வைத்து எடைபோடுவது?

நான்கு அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, விடை வந்தபின் என்ன மாறும்? மருந்து மாறுமா, தடுப்பூசித் திட்டம் மாறுமா, எலும்பு மஜ்ஜை மாற்றும் முடிவு மாறுமா? எதுவும் மாறாது என்றால் அந்தப் பரிசோதனை வெறும் ஆவலுக்கு மட்டுமே தீனி.

இரண்டாவது, "இல்லை" என்று வந்தால் அதற்கு என்ன பொருள்? சில பரிசோதனைகளில் "இல்லை" என்பது ஏறக்குறைய இறுதித் தீர்ப்பு. சிலவற்றில் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது; பெரும்பாலானோர் முடிவு கைக்கு வந்த பிறகே கேட்கிறார்கள்.

மூன்றாவது, கிடைத்த விடையைச் செல்லிலேயே சரிபார்க்க முடியுமா?

நான்காவது, மறைவான செலவுகள். பொருள் தெளிவாகாத முடிவு தரும் மனவுளைச்சல், கேட்காமலே தெரியவரும் வேறு நோய்களின் சாத்தியம், உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் விழும் தாக்கம், காப்பீட்டுச் சிக்கல், காத்திருக்கும் காலம் எல்லாம் இதில் அடங்கும்.

| பரிசோதனை | எந்தக் கேள்விக்கு ஏற்றது | "இல்லை" என்றால் | மறைவான செலவு |
|---|---|---|---|
| குறிப்பிட்ட ஒற்றை மரபணு (எச்எல்ஏ போன்றவை) | இந்த மருந்தைத் தரலாமா, இந்த நோயைச் சந்தேகிக்கலாமா | மரபணுவைப் பொறுத்தது | "உண்டு" என்ற விடையை நோய் என்றே படித்துவிடும் அபாயம் |
| செல்களின் செயல்பாட்டுச் சோதனை | எதிர்ப்பு வேலையில் எந்தப் படி உடைந்திருக்கிறது | பெரும்பாலும் தெளிவானது | புதிய இரத்தம் வேண்டும். நல்ல ஆய்வகம் அருகில் வேண்டும் |
| மரபணுப் பட்டியல் சோதனை | அறிகுறி ஒரு குழுவைச் சுட்டும்போது எந்த மரபணு | பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் | பட்டியல் பழையதாகிவிடும். போலி மரபணுக்கள் ஏமாற்றும் |
| எக்சோம் (புரதங்களுக்கான குறியீட்டுப் பகுதி மட்டும்), முழு ஜீனோம் | எந்தக் குழு என்றே தெரியாதபோது | கதவு மூடப்படவில்லை என்றே பொருள் | பொருள் தெளிவாகாத மாறுபாடுகள். எதிர்பாராத கண்டுபிடிப்புகள் |
| நேரடியாக விற்கப்படும் எச்சில் சோதனை | பெரும்பாலும் எதற்கும் இல்லை | மதிப்பில்லை | தரவு பிறர் கையில். தவறான நிம்மதி அல்லது அச்சம் |

## ஒற்றை மரபணு: கேள்வி கூர்மையாக இருந்தால்

இருப்பதிலேயே சிறிய பரிசோதனை இது. சரியான இடத்தில் செய்தால் ஓர் உயிரையே காப்பாற்றிவிடும்.

எச்ஐவி மருந்தான அபகாவிர் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியது. 2002-இல் அதற்கும் எச்எல்ஏ-பி 57:01 என்ற மாறுபாட்டுக்கும் தொடர்பு தெரியவந்தது. அந்த மாறுபாட்டின் பள்ளத்துக்குள் மருந்து மூலக்கூறு போய் உட்கார்ந்து, அங்கே பொருந்தும் புரதத் துணுக்குகளையே மாற்றிவிடுகிறது. டி செல்கள் தம் உடலின் சொந்தச் செல்லையே அந்நியமாகப் பார்த்துத் தாக்கத் தொடங்குகின்றன. 2008-இல் 19 நாடுகளில் ஏறத்தாழ 2,000 பேரிடம் நடந்த சோதனையில், முன்கூட்டியே இந்த மாறுபாட்டைப் பார்த்து மருந்தைத் தவிர்த்த குழுவில், தோல் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட ஒவ்வாமை ஒருவருக்குக்கூட வரவில்லை. மற்றக் குழுவில் 2.7 விழுக்காட்டினருக்கு வந்தது. மேலே சொன்ன முதல் இரண்டு அளவுகோல்களிலும் முழு மதிப்பெண் வாங்கும் பரிசோதனை இது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

வலிப்பு மருந்தான கார்பமாசிபைனின் கதை கொஞ்சம் சிக்கலானது. 2004-இல் தைவானில் அந்த மருந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி வந்து தோல் உரிந்த 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 15:02 இருந்தது. ஆனால் இந்த மாறுபாடு ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிக அரிது. அவர்களிடமும் ஜப்பானியரிடமும் எச்எல்ஏ-ஏ 31:01 என்ற வேறொன்று முன்னுக்கு வருகிறது. ஆகவே ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஆபத்தே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. எந்த மக்களிடம் கண்டறியப்பட்ட தொடர்பு என்பதைக் கேட்டே ஆக வேண்டும்.

இனி, முதுகு இறுகும் நம் வாசகர். எச்எல்ஏ-பி27-க்கும் முதுகெலும்பு இறுக்க வாதத்துக்கும் உள்ள தொடர்பு 1973-இலிருந்து தெரியும். ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது இருக்கிறது. ஆனால் அதைச் சுமப்பவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேருக்கே நோய் வருகிறது. நெருங்கிய உறவினருக்கு நோய் இருந்தால் அந்த வீதம் பல மடங்கு கூடும். அறிகுறியும் ஸ்கேன் படமும் நோயைச் சுட்டும்போது பி27 சந்தேகத்தை வலுப்படுத்தும். அறிகுறியே இல்லாதவர் செய்துகொண்டால் கிடைப்பது கவலை மட்டுமே. பி27 இல்லாமலும் இந்த நோய் வரும்.

குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தால் குடல் புண்படும் சீலியாக் நோயில் இது தலைகீழ். டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற எச்எல்ஏ மாறுபாடு இருப்பது எதையும் நிரூபிப்பதில்லை. மேலை நாடுகளில் மூன்றில் ஒருவருக்காவது அவை உண்டு. இரண்டும் இல்லையென்றால் அந்த நோயை ஏறக்குறைய முற்றிலும் ஒதுக்கிவிடலாம். ஏற்கெனவே குளூட்டனை நிறுத்திவிட்டதால் எதிர்ப்பொருள் சோதனை பயனற்றுப் போனவர்களுக்கு இந்த "இல்லை" ஒரு வரம்.

எச்எல்ஏ அல்லாத ஓர் உதாரணமும் உண்டு. ஆப்பிரிக்க, மத்தியக் கிழக்கு வம்சாவளியினர் பலரிடம் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை ஆய்வகம் அச்சிடும் இயல்பு எல்லைக்குக் கீழே இருக்கும். டஃபி என்ற ஏற்பியைச் சிவப்பணுக்களில் இல்லாமல் ஆக்கும் மாறுபாடே காரணம். மஜ்ஜை நலமாக இருக்கும், தொற்றும் கூடுதலாக வருவதில்லை. இதைத் தெரிந்துகொள்ள இரத்த வங்கியில் செய்யும் எளிய இரத்தவகைச் சோதனையே போதும். இது தெரியாமல் மஜ்ஜையில் ஊசி குத்தப்பட்டவர்களும், புற்றுநோய் மருந்தின் அளவு தேவையின்றிக் குறைக்கப்பட்டவர்களும் உண்டு.

## செல்களையே கேட்பது: பலர் தாண்டிப் போய்விடும் படி

மரபணு என்பது சமையல் குறிப்பு என்றால், செயல்பாட்டுச் சோதனை சமைத்ததை நாவில் வைத்துப் பார்ப்பது. குறிப்பில் பிழை இருந்தும் பண்டம் நன்றாக இருக்கலாம். குறிப்பு பிழையின்றி இருந்தும் கெட்டுப்போகலாம். திரும்பத் திரும்பத் தொற்று வரும் குழந்தைக்கு முதலில் வேண்டியது இதுதான். இதைச் செய்யாமல் நேராக எக்சோமுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பச்சிளம் குழந்தை உயிருக்குப் போராடும் நிலை மட்டும் விலக்கு.

தொடக்கம் மிகச் சாதாரணமானது: வெள்ளணுக்களின் வகைவாரியான எண்ணிக்கை, இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள் புரதம்) அளவுகள், போட்ட தடுப்பூசிக்கு எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்ற சோதனை. அடுத்து ஃப்ளோ சைட்டோமெட்ரி. செல்களின் மேற்பரப்புப் புரதங்களை ஒளிரும் எதிர்ப்பொருள்களால் குறித்து, லேசர் ஒளியின் குறுக்கே ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணும் முறை அது. 1952-இல் புரூட்டன் என்ற மருத்துவர் விவரித்த நோயில், அதாவது எதிர்ப்பொருளே உருவாகாத சிறுவர்களின் நோயில், எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்கள் ஏறத்தாழ இல்லவே இல்லை என்பதை இந்தச் சோதனை எளிதில் காட்டிவிடும். அதற்குக் காரணமான பிடிகே மரபணு 1993-இல்தான் கண்டறியப்பட்டது. இரத்தம் சொன்ன விடையை மரபணு நாற்பது ஆண்டுகள் கழித்து உறுதிசெய்தது.

நாட்பட்ட கிரானுலோமா நோய் இன்னும் அழகான எடுத்துக்காட்டு. இதில் நியூட்ரோஃபில்கள் கிருமியை விழுங்கும், ஆனால் கொல்லத் தேவையான ஆக்சிஜன் வேதிப்பொருள்களை உருவாக்காது. டிஎச்ஆர் என்ற சாயத்தைக் கொடுத்துத் தூண்டினால் இயல்பான செல்கள் ஒளிரும், நோயுற்றவை இருண்டே கிடக்கும். இந்த நோயின் மிகப் பொதுவான வடிவம் எக்ஸ் குரோமோசோம் வழியே வருகிறது. நோயைச் சுமக்கும் தாயின் இரத்தத்தில் அதே சோதனையைச் செய்தால் ஒளிர்பவை ஒரு கூட்டமாகவும் ஒளிராதவை ஒரு கூட்டமாகவும் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று உறங்கிவிடுவதால் வரும் காட்சி அது. குடும்பத்தில் நோய் எந்த வழியில் வந்தது என்பதை ஒரு மரபணு எழுத்தைக்கூடப் படிக்காமல் சொல்லிவிடலாம்.

பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தில் செய்யும் டிரெக் சோதனையும் இந்த வகையைச் சேர்ந்ததே. அது டிஎன்ஏவைத்தான் அளக்கிறது என்றாலும், தேடுவது பிழையை அல்ல; டி செல்கள் தம் ஏற்பியை உருவாக்கும்போது வெட்டி எறியும் சிறு டிஎன்ஏ வளையங்களை. வளையம் இல்லையென்றால் புதிய டி செல்களும் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 2008-இல் இதைத் தொடங்கியது. 2014-இல் வந்த ஆய்வு, முப்பது லட்சம் குழந்தைகளின் கணக்கை வைத்து, டி செல்களே இல்லாத கடும் குறைபாடு 58,000 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது என்றது. மூன்றரை மாதத்துக்குள் மஜ்ஜை மாற்று செய்துகொண்ட குழந்தைகளில் 94 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தனர் என்பது அதே ஆண்டின் இன்னொரு ஆய்வு. நோய் தெரியாத குழந்தைக்கு உயிருள்ள கிருமிகள் கொண்ட தடுப்பூசி போடப்பட்டால் அதுவே தொற்றாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

மறைவான செலவுகளுக்கு வருவோம். உயிருள்ள செல்கள் வேண்டும் என்பதால் இரத்தம் ஓரிரு நாட்களுக்குள் ஆய்வகம் சேர வேண்டும்; நலமான ஒருவரின் இரத்தமும் உடன் பயணம் செய்தால்தான் வழியில் ஏற்பட்ட கேட்டையும் நோயையும் பிரித்தறிய முடியும். ஸ்டீராய்டு எடுப்பவரின் லிம்ஃபோசைட் (டி, பி செல்கள் அடங்கிய வெள்ளணு வகை) எண்ணிக்கை தவறான கதை சொல்லும். இம்யூனோகுளோபுலின் ஊசி ஏற்றிய பின் எதிர்ப்பொருளை அளந்தால் கொடையாளர்களின் எதிர்ப்பொருளையே அளக்கிறீர்கள். சில மாதக் குழந்தையிடம் தாயின் எதிர்ப்பொருள் இருக்கும். எந்தப் படி உடைந்தது என்று இந்தச் சோதனை சொன்னாலும், எந்த எழுத்துப் பிழையால் என்று பெரும்பாலும் சொல்லாது. அடுத்த கர்ப்பத்துக்கான ஆலோசனைக்கும் மரபணு சிகிச்சைக்கும் அந்த எழுத்து வேண்டும்.

## மரபணுப் பட்டியல்: திசை தெரிந்த பிறகு

பிறவி எதிர்ப்பாற்றல் பிழைகளை வகைப்படுத்தும் சர்வதேச நிபுணர் குழு 2022-இல் 485 நோய்களைப் பட்டியலிட்டது. அறிகுறியும் செல் சோதனையும் ஒரு திசையைக் காட்டிவிட்டால், அந்தத் திசையிலுள்ள மரபணுக்களை மட்டும் ஆழமாகப் படிப்பது சிக்கனமான வழி. ஒவ்வோர் எழுத்தும் பலமுறை படிக்கப்படுவதால் ஒரு பகுதி செல்களில் மட்டும் உள்ள பிழையும் தப்பாது. தொடர்பில்லாத மரபணுக்களில் தலைவலி தரும் முடிவுகளும் வராது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, பிழை இருப்பது தெரிந்தால் போதாது. அது எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரிய வேண்டும். ஸ்டாட்1 மரபணு செயலிழந்தால் காசநோய்க் கிருமியின் உறவினர்களான மைக்கோபாக்டீரியாக்களிடம் உடல் தோற்கிறது. அதே மரபணு அளவுக்கு மீறி இயங்கினால் வாயிலும் தோலிலும் ஓயாத பூஞ்சைத் தொற்று வருகிறது. இது 2011-இல் தெரியவந்தது. ஸ்டாட்3-லும் இதே கதைதான்: செயல் குறைந்தால் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் எகிறி, தோலிலும் நுரையீரலிலும் சீழ்க்கட்டிகள், செயல் மிகுந்தால் சிறு வயதிலேயே தன்னுடல் தாக்கு நோய்கள். முதலாவது 2007-லும் இரண்டாவது 2014-லும் விளக்கப்பட்டன. மரபணுவின் பெயர் ஒன்று, நோய் இரண்டு, சிகிச்சையும் இரண்டு. மிகையாக இயங்கினால் ஸ்டாட்களை முடுக்கும் ஜேக் நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் உதவக்கூடும், செயலிழந்தால் அவை தீங்கே. முடிவுத் தாளில் "ஸ்டாட்1-இல் ஒரு மாறுபாடு" என்று மட்டும் இருந்தால், செல்லைத் தூண்டிப் பார்க்கும் சோதனை இல்லாமல் ஓர் அடியும் முன்னே போகக் கூடாது.

திசை தெரிந்தால் பலன் பெரிது. பிஐகே3சிடி என்ற மரபணுவின் மிகை இயக்கம் ஒரு நோயை உண்டாக்குகிறது என்று 2013-இல் காட்டப்பட்டது. அந்த நொதியையே குறிவைக்கும் லெனியோலிசிப் என்ற மருந்து 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பத்தே ஆண்டுகள்! டி செல்களின் தடைக்கட்டையான சிடிஎல்ஏ4 பாதியாகக் குறைந்தவர்களுக்கு, அதே புரதத்தின் பகுதியைக் கொண்டு செய்யப்பட்ட அபடாசெப்ட் என்ற மருந்து கைகொடுக்கிறது. ஆனால் சிடிஎல்ஏ4 பிழை உள்ள குடும்பங்களில் ஒருவர் கடும் நோயாளியாக இருக்க, அதே பிழையைச் சுமக்கும் இன்னொருவர் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருப்பதும் உண்டு. நலமாக இருக்கும் தம்பிக்கும் சோதனை செய்வதா என்ற கேள்வி குடும்பத்துக்குள் வந்து விழும். அதற்கான விவாதம் சோதனைக்கு முன்பே நடக்க வேண்டும்.

இரண்டாவது, போலி மரபணுக்கள். கிரானுலோமா நோயின் ஒரு வடிவத்துக்குக் காரணமான என்சிஎஃப்1 மரபணுவுக்குப் பக்கத்திலேயே அதன் செயலற்ற நகல்கள் இரண்டு இருக்கின்றன. நோயை உண்டாக்கும் மிகப் பொதுவான பிழை, அதாவது இரண்டு எழுத்துகளின் இழப்பு, அந்த நகல்களில் இயல்பாகவே இருக்கிறது. சிறு துண்டுகளாகப் படிக்கும் இன்றைய வழக்கமான முறை எந்தத் துண்டு அசல், எது நகல் என்று தெரியாமல் தடுமாறி, பிழையைத் தவறவிட்டுவிடும். டிஎச்ஆர் சோதனையில் செல்கள் இருண்டிருக்க, மரபணு அறிக்கை "பிழை இல்லை" என்றால், நம்ப வேண்டியது செல்லைத்தான்.

பட்டியல் எந்த ஆண்டில் தயாரானது என்றும் ஆய்வகத்தைக் கேளுங்கள்.

## எக்சோமும் முழு ஜீனோமும்

எக்சோம் என்பது புரதங்களுக்கான குறியீடு உள்ள பகுதி. முழு ஜீனோமில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. அறியப்பட்ட நோய்ப் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன. முழு ஜீனோம் மீதியையும் படிக்கிறது. மரபணுவின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிகளும், துண்டு துண்டாக இடம்மாறிய பெரிய பிழைகளும் அதில் சிக்கும்.

அறிகுறிகள் எந்தக் குழுவிலும் அடங்காதபோது, பட்டியல் சோதனை வெறுங்கையோடு திரும்பியபோது, தீவிர சிகிச்சையில் இருக்கும் சிசுவுக்கு நேரம் இல்லாதபோது இவை பட்டியலைவிட மேல். தாய், தந்தை, குழந்தை மூவரையும் சேர்த்துச் செய்வதே முறை. குழந்தையிடம் புதிதாக முளைத்த பிழை எது, பெற்றோரிடமிருந்து வந்தது எது என்று பிரிக்க வேறு நல்ல வழி இல்லை. நன்றாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம்கூடப் பெரும்பாலான ஆய்வுகளில் பாதிப் பேருக்கு மேல் தெளிவான விடை கிடைப்பதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய மறைவான செலவு, பொருள் தெளிவாகாத மாறுபாடுகள். 2015-இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வகுத்த விதிகள் ஒவ்வொரு மாறுபாட்டையும் நோய் தருவது முதல் தீங்கற்றது வரை ஐந்து தட்டுகளில் வைக்கின்றன. நடுத்தட்டில் விழுவதை வைத்துச் சிகிச்சையை மாற்றக் கூடாது. நடைமுறையிலோ அந்த நடுத்தட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் இழக்கும் குடும்பங்கள் ஏராளம். ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி என்பதால், மற்றவர்களுக்கு இந்த நடுத்தட்டு இன்னும் கனமாக இருக்கிறது.

கேட்காத கண்டுபிடிப்பு அடுத்தது. தொற்றுக்குக் காரணம் தேடப்போய் மார்பகப் புற்றுநோய்க்கான பிழை கண்ணில் படலாம். தெரிவிக்க வேண்டுமா வேண்டாமா என்று ஒப்புதல் படிவத்தில் கேட்பார்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கையொப்பம் இடாதீர்கள். மரபணு முடிவை வைத்து ஆயுள் காப்பீட்டை மறுக்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும் சட்டம். அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம்கூட மருத்துவக் காப்பீட்டையும் வேலைவாய்ப்பையும் மட்டுமே காக்கிறது. ஆயுள் காப்பீட்டை அது தொடவில்லை.

எந்த மாதிரியைக் கொடுக்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். மஜ்ஜை மாற்று செய்துகொண்டவரின் இரத்தத்தில் இருப்பது கொடையாளரின் டிஎன்ஏ. எச்சிலிலும் வெள்ளணுக்கள் கலந்திருப்பதால் அதுவும் நம்பகமானதல்ல. தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்களே சரி. இதற்கு நேர் எதிரான நிலை வெக்சஸ் நோயில். 2020-இல் விவரிக்கப்பட்ட இந்நோய், பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு வருகிறது: காய்ச்சல், குருத்தெலும்பு அழற்சி, இரத்தசோகை. பிழை யுபிஏ1 மரபணுவில். ஆனால் பிறவியில் வந்ததல்ல, மஜ்ஜையின் தாய்ச்செல் ஒன்றில் பிற்காலத்தில் தோன்றியது. தோலில் தேடினால் கிடைக்காது. 2,500-க்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவை அறிகுறியைப் பாராமல் அலசியபோதுதான் இந்த நோயே தனியாகப் பிரிந்து தெரிந்தது. செல்லை முதலில் பார் என்ற என் பிடிவாதத்துக்கு இது நல்ல எதிர்வாதம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

## எச்சில் குப்பி

சுருக்கமாக முடித்துவிடலாம். இந்தச் சோதனைகள் பெரும்பாலும் மரபணுவை முழுமையாகப் படிப்பதில்லை. முன்பே தேர்ந்தெடுத்த சில லட்சம் புள்ளிகளை மட்டும் தொட்டுப் பார்க்கின்றன. அரிய பிழைகள் அந்தப் புள்ளிகளுக்கு இடையே கிடக்கும். அந்த நிறுவனங்கள் தந்த மூலத் தரவில் இருந்த மாறுபாடுகளை மருத்துவ ஆய்வகத்தில் மறுபடி சோதித்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 40 விழுக்காடு பொய்யானவை என்று தெரிந்தது.

பெரிய குறை வேறு. எதிர்ப்பாற்றல் வலுவா பலவீனமா என்ற ஒற்றை அளவுகோல் உயிரியலில் கிடையாது. டைக்2 மரபணுவின் ஒரு மாறுபாடு பல தன்னுடல் தாக்கு நோய்களிலிருந்து காக்கிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவருக்குக் காசநோய் அபாயம் கூடுகிறது. சிசிஆர்5 ஏற்பியை இழந்தவர்களை எச்ஐவி எளிதில் தொற்றாது என்று 1996-இல் தெரிந்தது; வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால் அவர்களுக்கு நோய் கடுமையாகும் அபாயம் அதிகம் என்று பத்து ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. இவற்றுக்கு என்ன மதிப்பெண் போடுவது? முடக்கு வாதத்தோடும் முதல் வகை நீரிழிவோடும் தொடர்புள்ள பிடிபிஎன்22 மாறுபாடு வட ஐரோப்பியரிடம் சாதாரணம், கிழக்காசியரிடம் ஏறத்தாழ இல்லை. ஓரிடத்து மக்களின் புள்ளிவிவரத்தில் உருவான அபாய மதிப்பெண்ணை இன்னோரிடத்தவருக்கு நீட்டுவதில் நேர்மை இல்லை.

தரவு யார் கையில் போகிறது என்பதும் உண்டு. எச்சில் சோதனை விற்கும் 23அண்ட்மி நிறுவனத்தில் 2023-இல் நடந்த ஊடுருவலில் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை மாற்ற முடியாது. வம்சாவளியை அறியும் ஆவல் உள்ளவர்கள் செய்துகொள்ளட்டும், எதிர்ப்பாற்றலுக்காக வேண்டாம்.

## யாருக்கு எது?

இயல்புக்கு மீறித் திரும்பத் திரும்ப வரும் தொற்று, வழக்கத்துக்கு மாறான கிருமி, குடும்பத்தில் சிறு வயது மரணங்கள்: முதலில் செல் சோதனைகள், பிறகு அவை காட்டும் திசையில் பட்டியல், அதுவும் கைவிட்டால் பெற்றோரோடு சேர்த்து எக்சோம் அல்லது ஜீனோம்.

தொற்றோடு தன்னுடல் தாக்கு நோயும் சேர்ந்து வந்தால், அல்லது பெற்றோர் நெருங்கிய உறவினராக இருந்தால், பட்டியலைத் தாண்டி நேரே எக்சோமுக்குப் போவதில் நியாயம் இருக்கிறது. செல் சோதனைக்கான இரத்தத்தையும் அதே நாளில் எடுத்துவிடுங்கள். சிகிச்சை தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

அபகாவிர், கார்பமாசிபைன் போன்ற மருந்துகள்: உரிய எச்எல்ஏ மட்டும், மருந்தின் முதல் வேளைக்கு முன்பே.

ஐம்பதுக்குப் பிறகு முதன்முறையாகத் தொடங்கும் விளங்காத அழற்சி: இரத்தத்திலோ மஜ்ஜையிலோ, பிற்காலத்தில் தோன்றும் பிழைகளையும் தேடும் ஆழமான சோதனை. பிறவிப் பிழைகளுக்கான சாதாரணப் பட்டியல் இங்கே காலவிரயம்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று சளி பிடிக்கும், மற்றபடி நலமான பெரியவர்: எதுவும் வேண்டாம்.

ஏற்கெனவே எக்சோம் செய்து நடுத்தட்டு முடிவோடு நிற்பவர்கள் புதிதாக இன்னொரு பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன், இருக்கும் தரவையே மறுபடி அலசச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் புதிய மரபணுக்கள் சேர்வதால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் விடையின்றி மூடப்பட்ட கோப்புகளில் ஒரு பகுதிக்கு இரத்தம் மறுபடி எடுக்காமலே விடை கிடைக்கிறது. மூலத் தரவை எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பார்கள், மறு அலசலுக்குத் தனிக் கட்டணம் உண்டா, பழைய மாறுபாடு வேறு தட்டுக்கு மாறினால் அவர்களாகவே தெரிவிப்பார்களா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.